கணக்கு வராது என்று ஒதுங்கிய பத்தாம் வகுப்பு மாணவரைத் திரும்பப் பேனா பிடிக்கவைப்பது எப்படி?

"இவனுக்குப் படிக்கணும்ங்கற எண்ணமே இல்ல சார்." காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தி முடிகிற வாரத்தில் ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி நிறுத்தி, அப்பா படும் பாடு, பத்தாவது எவ்வளவு முக்கியம், படிக்காவிட்டால் என்ன கதி என்று கால் மணி நேரம் சொல்வோம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். ஒரு மாற்றமும் இருக்காது.

ஏன் இருக்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு வேலையில் இறங்க மனிதருக்கு இரண்டு வேண்டும். ஒன்று, இது என்னால் முடியும் என்ற நம்பிக்கை. இன்னொன்று, இதில் எனக்கு ஏதோ இருக்கிறது என்ற மதிப்பு. ஜான் அட்கின்சன் என்ற உளவியலாளர் 1957-லேயே சொன்னபடி, இவை இரண்டும் பெருக்கலில் இருக்கின்றன, கூட்டலில் இல்லை. ஒன்று பூஜ்யம் என்றால் மற்றது எவ்வளவு பெரிதானாலும் விடை பூஜ்யம்தான். நம்முடைய அறிவுரை முழுக்க மதிப்பை ஏற்றுகிறது. கணக்கில் ஒதுங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பூஜ்யம் விழுந்திருப்பது நம்பிக்கையில். பத்தாவது முக்கியம் என்று அவனுக்கும் தெரியும். முக்கியம் என்று தெரிந்த ஒன்று வரவில்லை என்பதால்தான் அதன் பக்கமே பார்க்காமல் இருக்கிறான்.

ஆகவே, முதலில் முடியவைக்க வேண்டும். பேச்செல்லாம் பிறகு.

பூஜ்யம் எங்கே என்று பார்க்க ஒரு தாள்

ஐந்து கணக்கு போதும். முதலாவது மூன்றிலக்கக் கழித்தல். இரண்டாவது −3−5 போல ஒன்று. மூன்றாவது ½+⅓. நான்காவது எட்டாம் வகுப்பு அளவில் ஓர் எளிய சமன்பாடு. ஐந்தாவது இப்போது நடத்திக்கொண்டிருக்கும் பாடத்திலிருந்து. "மார்க் கிடையாது, ரிஜிஸ்டர்ல ஏறாது" என்று முன்னாலேயே சொல்லி 15 நிமிடம் கொடுங்கள். விடைகளை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நிமிடம் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள்.

முதல் கணக்கை மளமளவென்று போட்டு, இரண்டாவதில் நின்று, பென்சில் சீவ ஆரம்பிக்கிறவருக்கு நம்பிக்கை பிரச்சினை. எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் தாளே காட்டிவிடும். பெரும்பாலும் குறை எண்ணிலோ பின்னத்திலோதான் இருக்கும். ஐந்தையும் போடத் தெரிந்தும் இரண்டோடு நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறவருக்கு மதிப்பு பிரச்சினை. தாளைத் தொடவே மாட்டேன் என்கிறவருக்குக் கணக்கோடு அல்ல, உங்களோடோ பள்ளியோடோ ஏதோ ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

இதற்கும் முன்னால் ஒரு விஷயம். பலகையில் உள்ள 6-ஐ 8 என்று எழுதுகிறவருக்குக் கண்ணாடி தேவைப்படலாம். முதல் பீரியடில் தூங்கி வழிகிறவர் விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டு வருகிறாரா, காலையில் சாப்பிட்டாரா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இதையெல்லாம் ஊக்கக்குறைவு என்று எழுதிவைப்பது அநியாயம்.

இலக்கைச் சுருக்குங்கள்

1981-இல் ஆல்பர்ட் பாண்டுரா, டேல் ஷங்க் என்ற உளவியலாளர்கள் கழித்தல் வராத, கணக்கே பிடிக்காத சிறுவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஏழு அமர்வு, மொத்தம் 42 பக்கம். ஒரு குழுவிடம் "ஒவ்வோர் அமர்விலும் 6 பக்கம்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கம்" என்றார்கள். இரண்டும் ஒரே வேலை. முதல் குழுவுக்குத் திறமை வளர்ந்தது, தன்னால் முடியும் என்ற எண்ணம் வளர்ந்தது, கணக்கின் மேல் ஆர்வமும் வந்தது. இரண்டாவது குழுவுக்கும் இலக்கே வைக்காத குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

"எப்படியாவது 35 எடுத்துடு" என்பது 42 பக்கம். சரி, நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் 6 பக்கம் எங்கே இருக்கிறது? வினாத்தாளின் நான்காம் பகுதியில். செய்முறை வடிவியல் 8 மதிப்பெண், வரைபடம் 8 மதிப்பெண், ஆக 16. மெல்லக் கற்போருக்கு முதலில் இதைக் கொடுப்பது பல பள்ளிகளில் ஏற்கெனவே நடக்கிற வழக்கம்தான். ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் கொடுக்கிறார்கள். வடிவியலில் அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. படம் சரியா தவறா என்று பிள்ளை தானே அளந்து தெரிந்துகொள்ளலாம். ஆசிரியரின் டிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய பாக்கியும் (பின்னம், குறை எண்) வழியில் அவ்வளவாகக் குறுக்கே வராது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 6 செ.மீ விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ தொலைவில் ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடுகள். இதை ஒரே பீரியடில் நடத்தி "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நான்கு நாளாகப் பிரியுங்கள்.

முதல் நாள் உதவிப்படமும் வட்டமும் மட்டும். இங்கே விழும் பெரிய பிழை, விட்டம் 6 என்பதை ஆரமாக எடுத்து 6 செ.மீ-க்குக் காம்பஸை விரிப்பது. "விட்டம்" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டு, பக்கத்தில் 3 என்று எழுதிவிட்டுத்தான் காம்பஸைத் தொட வேண்டும் என்று பழக்குங்கள். இரண்டாம் நாள் மையத்தையும் புள்ளியையும் 8 செ.மீ கோட்டால் இணைத்து, அதற்கு மையக்குத்துக்கோடு. காம்பஸை 4 செ.மீ-க்கு மேல் விரிக்காவிட்டால் விற்கள் வெட்டிக்கொள்ளாது; 5 செ.மீ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாம் நாள், கிடைத்த நடுப்புள்ளியில் ஊசியை வைத்து 4 செ.மீ ஆரத்தில் இரண்டாவது வட்டம். அது முதல் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இரண்டு இடத்தையும் வெளிப்புள்ளியோடு சேர்த்தால் தொடுகோடுகள் தயார். நான்காம் நாள் அளப்பதும் சரிபார்ப்பதும். பிதாகரஸ் தேற்றப்படி, 8-இன் வர்க்கமான 64-இல் ஆரம் 3-இன் வர்க்கமான 9 போனால் 55, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.4. ஸ்கேலில் அதே 7.4 செ.மீ காட்டும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பல வருடங்களாகக் கணக்கில் அவனுக்குக் கிடைக்காத ஒன்று அப்போது கிடைக்கிறது.

7.1 அல்லது 7.8 வந்தால் மூளையைச் சந்தேகிக்கும் முன் காம்பஸைச் சந்தேகியுங்கள். திருகு தளர்ந்த காம்பஸில் வட்டம் போட்டு முடிப்பதற்குள் ஆரம் 2 மி.மீ நழுவிவிடும். மொட்டைப் பென்சில் இன்னும் 1 மி.மீ சேர்க்கும். எண்ணிப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேரிடம் உருப்படியான காம்பஸ் இருக்காது. வெட்கப்பட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மேசை டிராயரில் ஐந்து நல்ல காம்பஸும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் இருந்தால், "இவன் ஜியாமெட்ரியே போட மாட்டான்" என்ற சில புகார்கள் அன்றோடு தீரும்.

படம் சரியாக வந்தபின் நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம்

இந்த வழிமுறையில் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். நன்றாக நடத்துகிற ஆசிரியர்களும் வழுக்குகிற இடமும் இதுதான்.

கரோல் ட்வெக் என்ற உளவியலாளர் 1975-இல், தோல்வி என்றாலே கை விட்டுவிடும் 12 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு வெற்றி பெறும்படியான கணக்குகள் மட்டும். மற்றவர்களுக்கு இடையிடையே தோல்வியும் வரும்; வந்தபோது அதை முயற்சியோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கடினமான கணக்கில் தடுக்கியபோது, வெற்றியை மட்டுமே பார்த்த குழந்தைகள் பழையபடி சரிந்தார்கள். மற்றவர்கள் தாங்கி நின்றார்கள். தொடர்ந்து எளிதாகவே கொடுத்து "பார், உனக்கு வருது" என்று தேற்றும் முறை ஏன் திருப்புதல் தேர்வில் நொறுங்குகிறது என்பது இதிலிருந்து புரியும்.

அதனால் படம் சரியாக வந்ததும் "பாத்தியா, ஈஸிதான்!" என்று சொல்லாதீர்கள். எளிது என்றால் செய்ததில் பெருமை இல்லை. நாளைக்கு வராவிட்டாலோ, எளிதானதுகூட வரவில்லை என்று ஆகும். "நீ புத்திசாலிடா" என்பதும் வேண்டாம். 1998-இல் முல்லரும் ட்வெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது இது: புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் தளர்ந்தார்கள், உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் அந்த அளவுக்குத் தளரவில்லை.

எதைச் செய்ததால் சரியாக வந்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். "விட்டம்னு பாத்ததும் பாதியாக்கிட்டே, அதான் 7.4 வந்துச்சு." அவ்வளவு போதும். அல்லது அவனையே கேளுங்கள்: "நேத்து வரல, இன்னிக்கு வந்துச்சு. என்ன மாத்திப் பண்ணே?" பதில் அவன் வாயிலிருந்து வரட்டும், நாம் நிரப்ப வேண்டாம்.

தவறாக வந்தால், "இன்னும் முயற்சி பண்ணு" என்பது எப்போதும் நல்ல பதில் இல்லை. ஒரு மணி நேரம் மெனக்கெட்டுத் தவறாக வரைந்து வந்த பெண்ணிடம் அதைச் சொன்னால், உழைத்தும் வரவில்லை, அப்படியானால் என்னிடம்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவாள். "ரெண்டாவது வட்டத்துக்கு ஊசி எங்கம்மா வச்சே? நடுப்புள்ளியிலயா, மையத்துலயா?" என்று முறையைக் கேளுங்கள். பிழை கையில் பிடிபடும் பொருளாகிவிட்டால் பயம் பாதி போய்விடும்.

தாளில் என்ன எழுதுவது

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிகளில் மூன்று விதமாகத் தாள் திருப்பிக் கொடுத்துப் பார்த்து 1988-இல் வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வம் நிலைத்தது. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் எண் இருந்தால் குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

நம் பள்ளியில் மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது. ஒரு வழி இருக்கிறது. ஸ்லிப் டெஸ்ட் தாளைக் குறிப்போடு மட்டும் கொடுத்து, அந்த ஒரு பிழையைத் திருத்தி எழுதி வரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை ரிஜிஸ்டரில் ஏற்றி இரண்டு நாள் கழித்துச் சொன்னால் போதும். 45 பேருக்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதுவது நடக்காத காரியம். ஒரு நாளைக்கு ஒன்பது தாள் என்று வைத்தால் ஒரு வாரத்தில் வகுப்பைச் சுற்றி வரலாம். குறிப்பு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்: "மையக்குத்துக்கோடு துல்லியம். வரைமுறையின் 3-ஆம் படியில் ஆரம் எழுதவில்லை, சேர்த்து நாளை காட்டு." 'நன்று', 'முன்னேற்றம் தேவை' இரண்டும் குறிப்பே அல்ல.

பரிசு, பயம், ரேங்க்

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரையப் பிடித்த நர்சரிக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான். பிடித்துச் செய்ததைப் பரிசுக்காகச் செய்ததாக ஆக்கிவிட்டால் பரிசோடு பிடிப்பும் போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டுப் பேனா, சாக்லேட் எல்லாவற்றையும் நிறுத்தவும் வேண்டியதில்லை. துளிகூட ஆர்வம் இல்லாதவரிடம் கெட்டுப்போக என்ன இருக்கிறது? முதல் வாரத்தில் தொடங்கவைக்கச் சின்னதாக ஏதேனும் கொடுக்கலாம். பிறகு அதைக் குறைத்து, முன்னால் அறிவிக்காமல் எப்போதாவது கொடுங்கள். "சென்டம் எடுத்தா பைக்" என்ற வீட்டு ஒப்பந்தத்தால் 20 மதிப்பெண்ணில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. பைக் கிடைக்காது என்று அவனுக்கு முதல் நாளே தெரியும்.

மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. வகுப்புச் சுவரில் மட்டும் பட்டியல் இன்னும் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டு, ஒவ்வொருவர் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் அவருடைய சென்ற மதிப்பெண்ணையும் இந்த மதிப்பெண்ணையும் அவரே எழுதச் சொல்லுங்கள். 12-லிருந்து 19-க்கு வந்தவர் ரேங்கில் 41-லிருந்து 40-க்கு வந்திருப்பார். ரேங்க் சொல்வது பொய். அடியும் அவமானப் பேச்சும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்தவை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பயத்தில் படிக்கிற பிள்ளை நீங்கள் வகுப்பில் இல்லாத நாளில் படிப்பதில்லை.

கொஞ்சம் அவர்கள் கையிலும்

டெசி, ரையன் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல ஆண்டு ஆய்வில் கண்டது, மனிதருக்குத் திறமை உணர்வோடு இன்னும் இரண்டு வேண்டும் என்பது. தானாகச் செய்கிறோம் என்ற எண்ணம் ஒன்று, இங்கே எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற ஒட்டுதல் இன்னொன்று.

முதலாவதற்கு வீட்டுப்பாடமே போதும். பத்துக் கணக்கையும் போடச் சொல்லாமல், "இந்தப் பத்தில் நாலு, அதில் நட்சத்திரம் போட்டது ஒண்ணாவது இருக்கணும்" என்று விடுங்கள். எளிதானதையே பொறுக்குவார்கள் என்ற பயம் முதல் வாரம் உண்மையாகும், அதற்குத்தான் நட்சத்திரம். "உன் இஷ்டம்" என்று சலிப்போடு சொல்வது தேர்வுரிமை ஆகாது, அதைக் கைகழுவல் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதற்குப் பத்து நாள், தினம் இரண்டு நிமிடம், படிப்பைத் தவிர எதையாவது பேசுங்கள். ஊர்த் திருவிழா, வீட்டு ஆடு, நேற்றைய மேட்ச், எதுவானாலும் சரி. பதினோராம் நாள் நீங்கள் கேட்காமலே பிள்ளை நோட்டைக் கொண்டுவரலாம், வராமலும் போகலாம். ஆனால் தாளைத் தொட மறுத்தவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

"எதுக்கு சார் இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால் அது நல்ல அறிகுறி. நீங்கள் பதில் சொல்லாமல் அவர்களை எழுதவையுங்கள். ஹல்லெமன், ஹராக்கிவிச் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை மாணவர்களே எழுதியபோது, தன்னால் முடியாது என்று நினைத்தவர்களுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. மாதம் இரண்டு முறை, ஐந்து வரி. அம்மா கட்டும் சீட்டு, நகைக்கடன் வட்டி, டைல்ஸ் பதிக்கும் அப்பாவின் கணக்கு எல்லாம் வரும். "ஒண்ணுக்கும் உதவாது" என்று எழுதினாலும் திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில்

பெற்றோர் கூட்டத்தில் நீண்ட புகார் வாசித்தால் அன்று இரவு அடி விழும். அடுத்த கூட்டத்துக்கு அம்மா வரமாட்டார். முதலில் பிள்ளை போட்ட தொடுகோட்டுப் படத்தைக் காட்டுங்கள். பிறகு இரண்டே வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். தினம் அரை மணி நேரம் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். "தினமும் படிக்கிறேன்" என்று பிள்ளை சொல்வதை ஏற்காமல், எப்போது, எங்கே, என்ன என்று நோட்டில் எழுதவையுங்கள்: "சாயங்காலம் டீ குடிச்சதும், திண்ணையில, ஒரு படம்." இப்படி நேரத்தையும் இடத்தையும் முன்பே கட்டிவைத்த தீர்மானம் வெறும் தீர்மானத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது.

இடையில் கெடுவது

மூன்றாவது வாரத்தில் சறுக்கல் வரும். வடிவியல் வந்த தைரியத்தில் இயற்கணிதத்துக்குத் தாவியிருப்பீர்கள். அங்கே பழைய பாக்கி குறுக்கே நிற்கும். திரும்பி வரைபடத்துக்குப் போங்கள். நேர், எதிர் மாறுபாட்டு வரைபடம் அட்டவணையை வைத்துப் போகும், அச்சில் அளவுத்திட்டம் எடுப்பதுதான் ஒரே கண்டம். குறை எண்ணைத் தனியாகத் தினம் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாக வந்துகொண்டிருந்தவர் தேர்வன்று லீவு போடுவதும் நடக்கும். சோம்பல் என்று எண்ணாதீர்கள். எழுதித் தோற்றால் "முயன்றும் வரவில்லை" ஆகும். வராமல் இருந்தால் "ஸ்கூலுக்கு வரல, அதான் எழுதல" என்று மானம் மிஞ்சும். அடுத்த நாள் காரணம் கேட்காமல், ஒரே ஒரு 8 மதிப்பெண் கேள்வியை மட்டும் கொடுத்து எழுதவையுங்கள்.

பக்கத்துப் பையன்களின் கேலி இன்னொரு தொல்லை: "என்னடா, படிப்ஸ் ஆயிட்ட!" வகுப்பின் நடுவே பாராட்டினால் இது கூடும். தோளருகே குனிந்து மெதுவாகச் சொல்லுங்கள்.

ஆறு வாரத்திலும் அசைவே இல்லை, முன்பு பிடித்த விளையாட்டும் பிடிக்கவில்லை, தனியாகவே இருக்கிறார், சாகிற பேச்சு வருகிறது என்றால் அது ஊக்கம் சம்பந்தப்பட்டதல்ல. அன்றே தலைமையாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான அவசர எண் 1098.

எல்லாம் ஓரளவு ஓடினால், ஆறாம் வாரக் கடைசியில் ஒரு பழைய வினாத்தாளை முழுதாகக் கொடுங்கள். எதை முதலில் எழுதுவது என்று சொல்லாதீர்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காம்பஸைத் தானே எடுத்து, "விட்டம்" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுவிட்டு ஒருவர் ஆரம்பித்தால், அவர் பெஞ்சுப் பக்கம் அன்றைக்குப் போகாதீர்கள்.